நாலு மில்லிமீட்டர்

லிந்துலைக்கு மேலே, பழைய துரை பங்களா
இப்போது ஹோட்டல்.
மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது அது,
ஏழடி, மஹோகனி,
பெட்டிக்குள் நிறுத்திவைத்த ஆள் மாதிரி.
"ஓடினாப் போதும்" என்றார் மேனேஜர் வீரக்கோன்.
"நேரம் சரியா இருக்கணும்னு இல்ல.
கெஸ்டுக்குச் சத்தம் கேட்கணும்."

நான் ஹட்டனில் ஃபோன் திருத்துகிறவள்.
உடைந்த திரைகளுக்கு நடுவே
கைக்கடிகாரமும் வரும்.
படுக்கவைத்தால் கட்டில் நீளம் வருகிற ஒன்று
இதுவரை வந்ததில்லை.

தலைக்கூட்டை முன்னால் இழுத்துக் கழற்றினேன்.
வெள்ளை முகப்பில் வால் சுருண்ட எழுத்து:
ஆர்ச்சிபல்ட் டன்மோர், போர்பார்.
நாலு மூலையிலும் நாலு பெண்கள், நாலு பருவம்.
பூக்கூடைக்காரி, அரிவாள்காரி, திராட்சைக்காரி.
கடைசி மூலையில் வெண்பனி,
தலையில் விறகுக்கட்டோடு ஒருத்தி.
அவளை மட்டும் எனக்குத் தெரியும்.
நேற்றுக்கூட நானுஓயா வளைவில் பார்த்தேன்.
பனி இல்லை, மழை.

மஹோகனி வெறும் தோல்தான்.
உரித்தால் உள்ளே மலிவான பைன்.
பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் செலவழித்திருக்கிறார்கள்.
ஆனால் பித்தளைச் சில்லுகளில் அந்தக் கள்ளம் இல்லை.
யார் கண்ணும் படாத பல்லைக்கூட
ஒவ்வொன்றாய் அரம் வைத்து
உருட்டியிருக்கிறான் ஒருவன்.
அவனுக்கு மரியாதையாகக் கை கழுவிவிட்டு வந்தேன்.

எடைக்கல் தொங்கிய குடல்கயிறு அறுந்திருந்தது.
டெனிஸ் மட்டை நரம்பில் கட்டி
ஊசலைத் தட்டிவிட்டேன்.
விநாடி முள் ஓரடி வைத்தது,
மயிரளவு பின்வாங்கியது,
மறுபடி வைத்தது.
முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்று
எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும்.
இது இருநூறு வருசத்துக்குக் கிட்ட
பின்வைத்துப் பின்வைத்தே வந்திருக்கிறது.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர் மருதை சொன்னார்:
"அது பிந்தும். நாளைக்கு மூணு நிமிசம்.
சின்ன வயசுல இங்கதான் சப்பாத்துத் துடைச்சேன்.
இதப் பாத்துத்தான் பெரட்டுக்குத் தப்படிப்பாங்க.
சனிக்கெழமைக்குள்ள பதினெட்டு நிமிசம்.
ஞாயிறு சாயந்தரம் துரை
ஸ்டேசன் மணிக்குத் திருப்பி வைப்பாரு.
திங்கக்கெழமைதான் சனி.
லயத்துக்கு அந்தப் பதினெட்டு நிமிசம் தெரியாதே.
ஓடி வந்தாலும் அரைப்பேர்தான்."

பிந்துவதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.
பூமி வடக்கே பிடிக்கிற பிடி வேறு.
இங்கே, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்,
அதற்கும் மேல் ஐயாயிரம் அடி ஏறி நின்றால்
கொஞ்சம் இளக்கமாய்த்தான் பிடிக்கிறது.
குண்டு சோம்பலாய்த் திரும்பி வருகிறது.
இருபது கிலோ கொழுந்தில்
எண்பது கிராம் குறையும் அளவுக்கு இளக்கம்.
அம்மாவின் முதுகு அதை ஒருநாளும் சொன்னதில்லை.
ஈரத்துக்கு என்று ரெண்டு கிலோ வெட்டினதை
இன்றைக்கும் சொல்லும்.

"திருத்த முடியாதா?" என்றார்.
குண்டுக்கு அடியில் ஒரு மரை.
ஊசலை நாலு மில்லிமீட்டர் குறுக்கினால் போதும்.
ஐந்து சுற்று. குறடு கூட வேண்டாம்,
விரல் போதும்.
போர்பாரில் விட்ட இடத்திலேயே இருந்தது அது.
அதற்குக் கீழே மரையோடிய கம்பி முழுக்கத் தூசு.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

நாலு சுற்றை நான் சுற்றினேன்.
கடைசிச் சுற்றுக்கு அவரைக் கூப்பிட்டேன்.
வரவில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும் மரையின் மேல்
கொஞ்சம் ஆடியது.
"எங்கப்பாவுக்கு ஒரு மாசத்துல
நாலு திங்களும் போச்சு" என்றார்.
பிறகு, "சுத்து" என்றார்.

மேனேஜர் வந்தார். கதவில் காதை வைத்தார்.
"ஆ, நல்லாக் கேட்குது" என்றார்.